தேன்தின்னிக்கு இன்னொரு பேர்

இல்லையில்லை, நீங்கள் எழும்பாதேங்கோ தம்பி, எனக்கு இந்த இடம் காணும். உந்தப் பையை மட்டும் கொஞ்சம் அங்கால தள்ளினியள் எண்டா நான் இப்பிடி ஓரமா இருந்திடுவன். அந்தக் கதிரையோ? வேண்டாம், இதிலயே இருக்கிறன். எனக்கு ஒன்பது மணிக்குத்தான் போன் லைன். இப்ப என்ன நேரம்? எட்டு இருவதோ. சரி, நேரம் கிடக்கு. நேரம் கிடக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு.

நீங்கள் இந்தியாவுக்குக் கோல் எடுக்கிறியள் போல. நீங்கள் ஆமாங்க எண்ட உடன நினைச்சனான். திருச்சியோ. திருச்சிக்கு லைன் கெதியாக் கிடைச்சிடும். எங்கட பக்கம்தான் கரைச்சல், அதுவும் மன்னாருக்கு எண்டா நாலைஞ்சு தரம் அடிச்சுப் பாக்கவேணும். கவுண்டரில நிக்கிற இரவிச்சந்திரன் அண்ணை நல்ல மனிசன், மூண்டாம் போன் பெட்டியை எனக்கெண்டு மறிச்சு வைச்சிருக்கிறார். அந்தப் பெட்டிக்குத்தான் கதவு ஒழுங்கா மூடும்.

வீட்டில போன் இருக்கு தம்பி. வில்லரே எண்ட பகுதியில மகள் அனோஜினி வீட்டில இருக்கிறன், அங்க குசினிக்க ஒண்டு, கீழ ஒண்டு, மருமகன்ர கையில ஒண்டு. ஆனா அங்க நிண்டு இதைக் கதைக்கேலாது. நான் இஞ்ச வந்தது மகளுக்குத் தெரியாது. சனிக்கிழமையெண்டும் பாராமல் நான் வேலை செய்யிற வீட்டு மடாம் வரச் சொன்னவ எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தனான். தவக்காலம், பொய் சொல்லக்கூடாது. சொல்லிப்போட்டன், என்ன செய்யிறது.

ஆரோட கதைக்கப் போறன் எண்டோ. என்ர மனிசனோட. அவர்தானோ இல்லையோ எண்டு பாக்கத்தான் இந்தக் கோல். காணாமல் போய் ஏழரை வருசம். வாற ஐப்பசி வந்தா எட்டு.

மன்னாரில ஒரு மடம் இருக்கு. சிஸ்டர்மார் புத்தி பேதலிச்ச ஆக்கள் ஒன்பது பேரை வைச்சுப் பாக்கினம். அதில ஒருத்தர் தொண்ணூத்தாறில கிளிநொச்சிப் பக்கம் றோட்டோரம் கிடந்தவராம். தலையில ஷெல் துண்டு பட்ட காயம். வலது காது கேக்காது. வாய் திறந்து ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. ஆர், எந்த ஊர், ஒண்டும் ஒருத்தருக்கும் தெரியாது. போன வருசம் சண்டை நிண்டு பாதை திறந்தவுடன எங்கட ஊர் ஆள் ஒருத்தர் அந்தப் பக்கம் போனவர், இவரைக் கண்டிட்டு எனக்கு எழுதினார், உங்கட வீட்டுக்காரற்ற சாயல் கிடக்கு, ஆனா சத்தியம் பண்ணேலாது எண்டு. பேந்து அந்த மடத்துச் சிஸ்டர் றோசா படம் அனுப்பினவ. இந்தாங்கோ, பாருங்கோ. தாடியும் எலும்புமா இருக்கிறார். என்ர மனிசன் உங்களை மாதிரிப் பெருத்த உடம்பு. கண்ணைப் பாத்தா அவர்தான். வாயைப் பாத்தா வேற ஆரோ. ஒரு நாளைக்கு நூறு தரம் இதைப் பாத்துப் பாத்து, இப்ப எனக்கு அவற்ற பழைய முகம் மறந்து போச்சு தம்பி. கண்ணை மூடினா இந்தப் படம்தான் வருகுது.

கூப்பிட்டுப் பாத்தவை. பேரை நான் கடிதத்தில எழுதி அனுப்பினனான், சிஸ்டர் கூப்பிட்டவ. ஒருக்கா நிமிர்ந்தவராம். ஆனா பக்கத்துக் கட்டில்காரன் இருமினாலும் நிமிருறவராம். அதால ஒண்டும் சொல்லேலாது எண்டு எழுதியிருக்கிறா. அம்மா, நீங்களே கூப்பிடுங்கோ, சொந்தக்காரற்ற குரல் கேட்டா மனிசர் அசையிறவை, நான் றிசீவரை நல்ல காதில பிடிக்கிறன், நீங்கள் அவற்ற பேரை மூண்டு தரம் வடிவாச் சொல்லுங்கோ எண்டு. அங்க பின்னேரம் ஏழு மணி, செபம் முடிஞ்சு எல்லாரும் அமைதியா இருக்கிற நேரம். இஞ்ச காலமை ஒன்பது.

இண்டைக்கு விட்டா இனி இல்லை. வாற செவ்வாய் அந்த மடத்தைப் பூட்டுகினம், கூரை இடிஞ்சு விழுதாம். சொந்தம் எண்டு சொல்ல ஆக்கள் இல்லாதவையைத் தெற்கில எங்கேயோ ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்துகினம். அங்க தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையாம். ஒரு நம்பரைக் குடுத்துக் கட்டிலில விட்டிடுவினம், பேந்து ஆர் தேடிக் கண்டுபிடிக்கிறது. இண்டைக்கு நான் கூப்பிட்டு இவர் அசைஞ்சார் எண்டு சிஸ்டர் எழுதிக் குடுத்தா, அங்கத்தைப் பங்குச் சாமியார் பொறுப்பெடுத்து மறிப்பார். நான் ரிக்கெற் போட்டு ஓடுவன். அசையேல்லை எண்டா செவ்வாய்க்கிழமை ஏத்திடுவினம்.

ஒரு பேரைச் சொல்லுறதில என்ன கஷ்டம் எண்டு பாக்கிறியள். விசயம் என்னெண்டா தம்பி, எனக்கு அவற்ற பேரைச் சொல்ல வருகுதில்லை.

மறக்கேல்லை, மறப்பனோ. எழுதச் சொல்லுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு எழுதுவன். டைப் அடிக்கச் சொல்லுங்கோ, அடிப்பன். வாயாலதான் வருகுதில்லை. தொண்டைக்குள்ள வந்து நிக்குது, அங்கால வராது. சிரியாதேங்கோ. சரி சிரியுங்கோ, நானும் உங்களை மாதிரி வெளியில நிண்டு பாத்தா சிரிப்பன்.

உங்கட பக்கத்திலயும் முந்தி இருந்ததுதானே. பொம்பிளையள் புருசன்ர பேர் சொல்லாயினம். சொன்னா அவருக்கு ஆயுசு குறையும். வேதக்காரருக்குமோ எண்டு கேக்கிறியள். எங்களுக்கும்தான். நாங்கள் குருநகர், பரம்பரையாக் கத்தோலிக்க வேதம், வீட்டில மூண்டு நேரம் செபம். ஆனா என்ர மாமி அல்போன்சம்மா கலியாணம் முடிஞ்ச அண்டைக்கே என்னைக் கூப்பிட்டுச் சொன்னவ, பிள்ளை சிசிலி, அவன் கடலுக்கும் மெசினுக்கும் பக்கத்தில நிக்கிற பிள்ளை, நீ அவன்ர பேரை வாயில எடுத்து அவன்ர நாளைக் குறைச்சுப்போடாதை எண்டு. அவர் ஐஸ் பக்டரியில மெக்கானிக். அவைக்கு முதல் ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள் செத்துத்தான் இவர் பிறந்தவர். மாமி சொன்ன அந்தச் சொல்லு எனக்கு நெஞ்சுக்குள்ள போய் இருந்திட்டுது.

கோயில்ல ஒருக்காச் சொல்லத்தான் வேணும், நீங்கள் சொல்லுறது சரி. கலியாணப் பூசையில, இன்னாராகிய நான் இன்னாராகிய உம்மை எண்டு வரும். சாமியார் சொல்லச் சொல்ல நான் உதட்டை அசைச்சனான், சத்தம் வரேல்லை. சாமியாரும் வெக்கம் எண்டு நினைச்சு விட்டிட்டார். அதோட சரி. பத்தொன்பது வருசம். பிள்ளைக்குக் கதைக்கேக்க கொப்பர். மாமிக்குக் கதைக்கேக்க உங்கட மோன். நான் வேலை செய்த அரசாங்கக் கச்சேரியில என்ர வீட்டுக்காரர். தை மாசத்தில மூண்டு பேர் நட்சத்திரம் பாத்துக்கொண்டு ஒட்டகத்தில வாற திருநாள் வருமெல்லே, அந்தத் திருநாளின்ர பேருக்க இவற்ற பேரில பாதி கிடக்குது. அதையும் நான் சொல்லுறேல்லை. மூண்டு பேற்ற திருநாள் எண்டுதான் சொல்லுவன். அவர் என்னைப் பகிடி பண்ணுவார். சிசிலி, அந்த மூண்டு பேரும் ஆர், பொலிஸ்காரரோ எண்டு கேப்பார்.

உங்கட மனிசி உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறவவோ. வாங்கோ போங்கோவும் இல்லையோ. நல்லது தம்பி. நல்ல பழக்கம். விட்டிடாதேங்கோ.

இப்ப என்ன நேரம்? எட்டரை.

ஏன் இப்ப இப்பிடிப் பயப்பிடுறன் எண்டு நான் உங்களுக்கு ஒரு கரடியைப் பற்றிச் சொன்னாத்தான் விளங்கும். ஓம், கரடிதான். நான் ஆத்துக்கு அங்கால லொங்குய்யில ஒரு மடாமிட்ட வேலை செய்யிறன். மடாம் ஹலீனா. போலந்துக்காரி, எண்பத்திரண்டு வயசு, யூனிவேர்சிற்றியில படிப்பிச்சு ஓய்வெடுத்தவ. துடைக்கிற கழுவுற வேலை இல்லை, டைப் அடிக்கிற வேலை. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில இருவது வருசம் இங்கிலீஷ் டைப்பிஸ்ட். மடாமுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையை இழுத்துப்போட்டுது, கொம்பியூட்டரை அவ நம்பமாட்டா, அதால எனக்கு வேலை கிடைச்சது.

அவ முப்பது வருசமா ஒரு அகராதி எழுதுறா. ரஷ்யாக்காரர், போலந்துக்காரர், செக், உக்ரேன், சேர்பியா, உவையெல்லாருக்கும் ஆயிரத்தைஞ்ஞூறு வருசத்துக்கு முந்தி ஒரே பாஷைதானாம். ஆனா அந்தப் பாஷையில ஒருத்தரும் ஒரு வரி எழுதி வைக்கேல்லை. தாய் செத்துப் போச்சு, படமும் இல்லை. பிள்ளையளின்ர முகத்தைப் பாத்துப் பாத்துத் தாயின்ர மூக்கு இப்பிடி இருந்திருக்கும், நாடி இப்பிடி இருந்திருக்கும் எண்டு வரையிறதுதான் மடாமின்ர தொழில். அப்பிடிக் கண்டுபிடிச்ச ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால நான் ஒரு நட்சத்திரம் அடிக்கவேணும். இது ஒருத்தரும் கண்ட சொல் இல்லை, இருந்திருக்கவேணும் எண்டு நாங்கள் நம்புற சொல் எண்டு அதுக்கு அர்த்தம். ஒரு நாளைக்கு முந்நூறு நட்சத்திரம் அடிப்பன்.

இந்தத் தவக்காலம் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் ஒரே சொல்லில கிடக்கிறம். கரடி. அந்தத் தாய்ப் பாஷையில மெத்வெத். உக்ரேன்காரர் அதின்ர முன்பாதியைப் பின்னுக்கும் பின்பாதியை முன்னுக்கும் போட்டு வெத்மித் ஆக்கிப்போட்டினம். மடாமின்ர ஆக்கள் முன்னெழுத்தை மாத்தி நெஜ்வெஜ் எண்டினம். எல்லாத்துக்கும் அடியில மெத்வெத்தான். மெத் எண்டா தேன், எங்கட மது இருக்கெல்லே, அதுவும் வடமொழியால வந்த அதே சொல்லாம். எத் எண்டா தின்னுறது. தேன்தின்னி. கரடிக்கு அவை வைச்ச பேர் தேன்தின்னி.

அதை ஒவ்வொரு வேற்றுமையிலயும் அடிக்கவேணும். எனக்கு மனப்பாடம். மெத்வெத், மெத்வெதி, மெத்வெதி, மெத்வெத், மெத்வெத்மி, மெத்வெதி, மெத்வெதி. கரடி, கரடியின்ர, கரடிக்கு, கரடியை, கரடியால, கரடியில, கடைசியாக் கரடியே எண்டு கூப்பிடுறது. ஏழு. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில எட்டுப் படிப்பிச்சவை எண்டு நான் சொன்னன். மடாமுக்குப் பெரிய சந்தோசம், உங்களிட்ட என்ன கூட இருக்கு எண்டு கேட்டா. விட்டு நீங்கிறதுக்குத் தனியா ஒண்டு இருக்கு எண்டன். தங்கட பாஷையிலயும் முந்தி இருந்ததாம், பேந்து அது உடையது எண்ட முடிவுக்குள்ள போய்ச் சேந்திட்டுதாம். தன்னுடையது எண்டு சொல்லவும் தன்னைவிட்டுப் போனது எண்டு சொல்லவும் ஒரே முடிவுதான் எண்டா. நான் அடுத்த வரியை அடிச்சன்.

கதை இதில்லை தம்பி. ஏன் தேன்தின்னி? அதைத்தான் கேளுங்கோ. கரடிக்கு உண்மையான பேர் வேற இருந்தது. கிரேக்கத்தில இருக்கு. இஞ்சத்தைப் பிரெஞ்சில ஊர்ஸ் எண்டு இருக்கு. வடமொழியில ருக்ஷ எண்டு இருக்கு. எல்லாம் ஒரு வேர். இவையளிட்டயும் இருந்திருக்கவேணும். ஆனா இவை காட்டுக்க சீவிச்ச சனம். பேரைச் சொன்னா அது கேட்டு வந்திடும் எண்டு பயம். அதால ஒருத்தரும் சொல்லேல்லை. தேன்தின்னி வருகுது, தேன்தின்னி போகுது எண்டு சாடையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவை. அப்பிடியே தகப்பன் சொல்லாமல், மகன் சொல்லாமல், ஒரு நாள் பாத்தா அந்த உண்மைப் பேர் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் மிஞ்சேல்லை. போட்டுது. எப்பிடி இருந்திருக்கும் எண்டு கணக்குப் போடலாமாம், ஆனா சாட்சி சொல்ல ஒரு பிள்ளையிட்டயும் ஒரு துண்டும் இல்லை. என்ர நட்சத்திரத்துக்குக்கூட அது தகுதியில்லை எண்டா மடாம்.

முந்தநாள் கடைசிக் கட்டத்துக்கு வந்தம், அந்தக் கூப்பிடுற வேற்றுமை. நான் கேட்டன், மடாம், கரடியை ஆர் கூப்பிடுவினம் எண்டு. சிரிச்சுப்போட்டுச் சொன்னா, ஒருத்தரும் கூப்பிடாயினம், ஆனா பாஷை அந்த இடத்தை வெறுமையா விடாது, எப்பவாவது ஆருக்காவது தேவைப்படும் எண்டு வைச்சிருக்கும் எண்டு. எனக்கு டைப்ரைட்டருக்கு மேலயே அழுகை வந்திட்டுது. மடாமுக்கு ஒண்டும் விளங்கேல்லை. கரடிக்காக அழுத முதல் டைப்பிஸ்ட் நீதான் எண்டு சொல்லி ரிஷ்யூப் பெட்டியை இடக்கையால தள்ளினா.

அந்தச் சனம் கரடி வந்திடும் எண்டு பயந்து சொல்லாமல் விட்டவை. நான் போயிடுவார் எண்டு பயந்து சொல்லாமல் விட்டனான். ரெண்டு பகுதிக்கும் கடைசியில ஒரே கெதிதான்.

பழகிப் பாத்தனான் தம்பி, பழகாமல் இருப்பனோ. சிஸ்டற்ற கடிதம் வந்து பதினாறு நாள். குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டிட்டுச் சொல்லிப் பாத்தன், முதலெழுத்தோட நிக்குது. பேரப்பிள்ளையைப் பிள்ளை பாக்கிற கார்டறியில விட்டிட்டு வரேக்க பார்க்கில ஆருமில்லாத வாங்கில இருந்து சொல்லிப் பாத்தன். லொங்குய்ய் மெற்றோ ஆத்துக்குக் கீழால போகேக்க காது அடைக்கிற சத்தம், அந்தச் சத்தத்துக்க ஒருத்தருக்கும் கேக்காது எண்டு வாயைத் திறந்தன். முன்னால இருந்த மனிசி எனக்கு வாந்தி வரப் போகுது எண்டு எழும்பி அங்கால போட்டுது. போன கிழமை பாவசங்கீர்த்தனத்தில சாமியாருக்குச் சொல்லுவம் எண்டு முழங்காலில இருந்தன். அவர் வெள்ளைக்காரச் சாமியார், அவருக்கு நான் இதை எந்தப் பாஷையில தொடங்கிறது. பொய் சொன்னனான், கோவிச்சனான் எண்டு ரெண்டைச் சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்.

இன்னொண்டு கிடக்கு. சிஸ்டர் என்ர குரலுக்கு அசைவார் எண்டு நினைக்கிறா. ஆனா என்ர குரலில அவர் அந்தப் பேரை ஒரு நாளும் கேட்டதில்லை. அவற்ற தாய் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், கூட்டாளியள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நான் கூப்பிட்டா அது ஆரோ ஒரு பொம்பிளை கூப்பிடுற மாதிரித்தானே இருக்கும். இதை நான் சிஸ்டருக்கு எப்பிடி எழுதுறது.

அப்ப நான் அவரை எப்பிடிக் கூப்பிடுறனான் எண்டு கேக்கிறியள். இஞ்சாருங்கோ. அவ்வளவுதான். இஞ்ச பாருங்கோ எண்டதைத்தான் அப்பிடிச் சுருக்கிறது. எங்கட ஊரில எல்லா மனிசிமாரும் புருசன்மாரை அப்பிடித்தான் கூப்பிடுறது.

இல்லைத் தம்பி. அதைச் சொல்லமாட்டன். நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்லுறியள், அதைக் கேட்டா அவருக்கு விளங்கும் எண்டு. விளங்கும்தான். ஆனா அதை நான் சொல்லமாட்டன். அதை ஒருக்காச் சொல்லிப் பாத்திட்டன்.

இல்லை, அது ஒண்டுமில்லை. விடுங்கோ.

இப்ப எத்தினை மணி? எட்டு நாப்பத்தைஞ்சு.

நான் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மாமி சாகுமட்டும் என்னைக் கேட்டவ, பிள்ளை, நீ ஒரு இடத்திலயும் அவனைக் காணேல்லையோ எண்டு. காணேல்லை மாமி எண்டு சொன்னனான். மகளுக்கும் அதுதான். செஞ்சிலுவைக்காரருக்கு எழுதிக் குடுத்ததும் அதுதான். பாலத்தடியில சனத்துக்க தவறினது, பேந்து காணேல்லை. மகள் போன வருசம் தகப்பனுக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை குடுத்தவ. நான் முன்வாங்கில இருந்து ஆமென் சொன்னனான்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தொண்ணூத்தஞ்சு ஐப்பசி, யாழ்ப்பாணம் முழுக்க ஒரே நாளில எழும்பினது. ஆமி வருகுது, எல்லாரும் வெளிக்கிடுங்கோ எண்டு ஸ்பீக்கரில சொல்லிப்போட்டினம். மாமியையும் மகளையும் முதலே சொந்தக்காரற்ற றக்டரில ஏத்திவிட்டம். நானும் அவரும் பின்னால சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தம், கரியரில உடுப்பு மூட்டையும் என்ர டைப்ரைட்டரும். மழை. நாவற்குழிப் பாலத்தில அஞ்சு லட்சம் சனம். நடக்கத் தேவையில்லை, பின்னால தள்ளுற தள்ளில போகும். அதில ஆரோ ஒரு மாட்டு வண்டில் குறுக்க வர, நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அது உண்மை. அதை எல்லாருக்கும் சொன்னனான்.

சொல்லாதது என்னெண்டா, நான் அவரைப் பேந்து கண்டனான்.

விடிஞ்ச பிறகு, கைதடிச் சந்தியில. எனக்கு முன்னால ஒரு முப்பது யார். முதுகைக் கண்டன். இடப்பக்கத் தோள் கொஞ்சம் சரிஞ்சிருக்கும், ஐஸ் கட்டி தூக்கித் தூக்கி. சைக்கிள், மூட்டை, என்ர டைப்ரைட்டர், அவர்தான். சந்தியில சனம் ரெண்டாப் பிரியுது. அவர் ஒரு பக்கம் திரும்புறார், என்னைச் சனம் மற்றப் பக்கம் கொண்டுபோகுது. நான் கத்தினன். நெஞ்சு கிழியக் கத்தினன். இஞ்சாருங்கோ எண்டு.

பத்துப் பதினைஞ்சு ஆம்பிளையள் திரும்பிப் பாத்தினம். ஒவ்வொருத்தரும் தங்கட மனிசியைத் தேடி. அவையின்ர முகமெல்லாம் எனக்கு இப்பவும் ஞாபகம். அவர் திரும்பேல்லை.

ஏன் திரும்புவார். இரவு முழுக்க அந்தப் பாலத்தில ஆயிரம் பொம்பிளையள் இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ எண்டு அழுதுகொண்டு வந்தவை. நாங்கள் சேந்து நடக்கேக்க அவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பாத்தவர், நான் பக்கத்திலதான் நிக்கிறன் எண்டு சிரிச்சனான். பேந்து பேந்து அவர் திரும்பிறதை விட்டிட்டார். மனிசன் எத்தினை தரம் திரும்பும்.

பேர் நாக்கில வந்தது தம்பி. வந்தது. வாயைத் திறந்திட்டன். அந்த நேரம் பாத்து மேல குண்டு போடுற பொம்மர் சத்தம். எனக்கு மாமியின்ர குரல் கேட்டது, அவன்ர நாளைக் குறைச்சுப்போடாதை எண்டு. பொம்மர் சுத்தேக்க பேரைச் சொல்லுறதோ எண்டு வாயை மூடினன். மூடிப்போட்டு இன்னொருக்கா இஞ்சாருங்கோ எண்டன். அதுக்கும் அஞ்சாறு பேர் திரும்பினவை. அதுக்குள்ள அவர் திரும்பிற மூலையில ஒரு லொறி வந்து நிண்டிட்டுது. லொறி போக ஆளில்லை.

ஒரு சொல்லு. பேரைச் சொல்லியிருந்தா அந்தப் பேரோட அந்த இடத்தில அவர் ஒருத்தர்தான் திரும்பியிருப்பார். நான் சொல்லேல்லை. அவற்ற ஆயுசை நான் காப்பாத்தினனான்.

அழேல்லைத் தம்பி, நான் அழேல்லை. பெட்டிக்குள்ள போகேக்க தொண்டை அடைக்கக்கூடாது. தண்ணி இருக்கோ. மெர்சி. மெர்சி தம்பி.

ஓம் இரவி அண்ணை, கேக்குது. இன்னும் அஞ்சு நிமிசமோ. சரி.

தம்பி, உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ. விசரி எண்டு நினையாதேங்கோ. நான் கதவைத் திறந்துகொண்டு வரேக்க நீங்கள் கவுண்டரில எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டநீங்கள். எனக்குக் கால் அப்பிடியே நிண்டிட்டுது. அதே உயரம், அதே தோள், இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு. அதாலதான் அவ்வளவு கதிரை கிடக்க உங்களுக்குப் பக்கத்தில வந்து குந்தினனான். நேரம் போக்காட்டக் கதைக்க வரேல்லை.

எழும்பி அந்தக் கதவுமட்டும் ஒருக்கா நடந்து போறியளோ. திரும்பாமல், சும்மா உங்கட பாட்டில. நான் பின்னால நிண்டு கூப்பிடுவன். இஞ்சாருங்கோ எண்டா திரும்பாதேங்கோ. அழுதாலும் திரும்பாதேங்கோ. பேர் வந்தா மட்டும் திரும்புங்கோ. வராட்டி அப்பிடியே கதவைத் திறந்துகொண்டு வெளியில போங்கோ. நான் பாத்துக்கொண்டு நிப்பன், எனக்கு அது பழக்கம்தானே.

பெரிய உதவி. ஓம், பையை இதிலயே விட்டிட்டுப் போங்கோ.

நடவுங்கோ.

இஞ்சா... இல்லை. இல்லையில்லை, நில்லாதேங்கோ. நடவுங்கோ.

கொஞ்சம் மெல்லமாத் தம்பி, கதவு வந்திடும்.

அரு...

போங்கோ, போங்கோ. திரும்பாதேங்கோ.

அருமை...

அருமைராசா.

அருமைராசா. அருமைராசா.

ஓம். இப்பிடித்தான் திரும்பியிருப்பார்.

இரவி அண்ணை, லைனைப் போடுங்கோ.